படகில் ஏறும்போது ஒன்று

மீன் உயிரோடு வர வேண்டும். எழிலின் ஆராய்ச்சிக்கு அதுதான் முதல் நிபந்தனை. செத்த மீனின் செவுளை வைத்துக்கொண்டு ஒரு மண்ணும் தெரிந்துகொள்ள முடியாது. அதனால் பதினைந்து நாளுக்கு ஒருமுறை அவளுடைய அப்பா நீலமேகம் கடப்பாக்கம் கழிமுகத்தில் நாலைந்து மடவை மீனைப் பிடித்து, மூடி போட்ட நீல டிரம்மில் கடல் தண்ணீரோடு விட்டு, பேட்டரியில் ஓடும் காற்றுக் குழாயை உள்ளே சொருகி, பாண்டிச்சேரியிலிருந்து வரும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு மாமல்லபுரம் வருவார். கண்டக்டர் ஒவ்வொரு தடவையும் சண்டை போடுவார். “எம் பொண்ணு டாக்டருக்குப் படிக்கிறா, அவளுக்கு இந்த மீனு வோணும்” என்று நீலமேகமும் ஒவ்வொரு தடவையும் அதே பதிலைச் சொல்வார். மீனுக்கும் டாக்டருக்கும் என்ன சம்பந்தம் என்று அந்த மனுஷன் யோசித்து முடிப்பதற்குள் பஸ் கல்பாக்கம் தாண்டிவிடும்.

அவள் படித்தது ஊசி போடுகிற டாக்டருக்கு இல்லை, ஆராய்ச்சி செய்து வாங்குகிற பட்டத்துக்கு. இதை எத்தனை தடவை சொன்னாலும் நீலமேகத்தின் காதில் ஏறவில்லை. ஏற வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை.

மீனைக் கொடுத்துவிட்டு ஆய்வுக்கூடத்து முக்காலியில் உட்கார்ந்து அவள் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் கேட்டார், “இந்த செவுள நறுக்கி நறுக்கி இன்னாத்த பாக்கற?”

எழில் சொன்னாள். கடல் மீன் உப்புத் தண்ணீரைத்தான் குடிக்கிறது. அந்த உப்பெல்லாம் உடம்பிலேயே தங்கினால் மீன் செத்துப்போகும். செவுளில் இருக்கிற ஒவ்வொரு செல்லின் சவ்விலும் கண்ணுக்குத் தெரியாத பம்பு இருக்கிறது. அது சோடியத்தை வெளியே தள்ளும், பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். ராத்திரி பகல் கிடையாது, ஓடிக்கொண்டே இருக்கும். அந்தப் பம்பை மட்டும் நிறுத்துகிற ஒரு மருந்து இருக்கிறது. ஒரு குழாயில் மருந்து போட்டு, இன்னொரு குழாயில் போடாமல், இரண்டையும் அளந்து கழித்தால் பம்பு எவ்வளவு வேலை செய்கிறது என்று தெரிந்துவிடும்.

நீலமேகம் கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார். “அதாவது, வேலை செஞ்சிகினு கீறவன கையக் கட்டிப் போட்டுட்டு, நீ இன்னா வேலை செஞ்சேன்னு கேக்கற.”

“ஆமா நைனா. நிறுத்துனாதான் தெரியும்.”

“உங்கம்மா ஒருநாளு படுத்துட்டா வூட்டுல தெரியும் பாரு, அந்த மாதிரி.”

அவளுடைய பேராசிரியை சியாமளா அந்தப் பக்கம் வந்தவர் இதைக் கேட்டுவிட்டு, முதலாமாண்டு மாணவர்களுக்கு இதையே சொல்லப்போகிறேன் என்று சிரித்துக்கொண்டே போனார். சொல்லவும் சொன்னார்.

அந்த மருந்தின் பெயர் ஊவாபைன். ஆப்பிரிக்காவில் ஒரு மரத்திலிருந்து எடுப்பது. வேட்டைக்காரர்கள் அம்பு நுனியில் தடவுகிற விஷம். நம்மூர் ரோட்டோரம் பூத்து நிற்கிற அரளியில் இருப்பதும் இதற்குப் பங்காளிதான். பம்பின் வெளிவாயில் போய் உட்கார்ந்துகொண்டால் லேசில் எழுந்திருக்காது. எழில் ஆரம்பத்தில் அந்தச் செல்களைக் குளிர்ந்த உப்புநீரில் மூன்று முறை அலசிப் பார்த்திருக்கிறாள், ஐந்து முறை அலசிப் பார்த்திருக்கிறாள். சனியன், போனால்தானே. தண்ணீரில் பொட்டாசியம் கூட இருந்தால் அது உட்காரக் கொஞ்சம் சிரமப்படும், குறைவாக இருந்தால் சௌகரியமாக உட்காரும். எழிலின் ஆய்வேட்டில் மூன்றாவது அத்தியாயம் முழுக்க இந்தக் கதைதான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நீலமேகத்துக்கு இதயம் தாறுமாறாகத் துடிக்கிறது என்று கண்டுபிடித்து, தினம் ஒன்று என்று ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். கூடவே கால் வீக்கத்துக்கு நீர் பிரிகிற மாத்திரை. சீட்டை வாங்கிப் பார்த்த எழிலுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. டிஜாக்சின். ஊவாபைனின் கூடப்பிறந்தது. அதே பம்பு, அதே வாய். அளவாகப் போட்டால் இதயத்தில் கொஞ்சம் பம்புகளை மட்டும் நிறுத்தி, துடிப்பை நிதானத்துக்குக் கொண்டுவரும். நீர் மாத்திரையும் அவளுக்கு அன்னியம் இல்லை. அதுவும் ஒரு தடுப்பு மருந்து, சிறுநீரகத்தில் உப்பு போகிற வேறொரு வழியை அடைப்பது. அவளுடைய அலமாரியில் இருந்த இரண்டு புட்டிகளின் உறவுக்காரர்கள் அப்பாவின் சட்டைப்பையில் இருந்தார்கள். இந்த ஊரில் இந்த மாத்திரையைப் பற்றி என்னைவிட யாருக்குத் தெரியும் என்று அவளுக்கு ஒரு பெருமை.

நீலமேகம் மாத்திரையை மறந்துவிடுவார். அவருடைய நாளுக்குக் காலை, மாலை என்று கணக்குக் கிடையாது. காற்றும் நீரோட்டமும் சொல்கிறபடி எழுவார், தூங்குவார். ‘காலையில் சாப்பாட்டுக்குப் பின்’ என்று சீட்டில் எழுதியிருந்தது. காலைச் சாப்பாடு அவருக்குச் சில நாள் பதினொரு மணிக்கு, சில நாள் இல்லவே இல்லை. ஒரு மாசத்தில் பாதி மாத்திரை அப்படியே கிடந்தது. கால் மறுபடி வீங்கியது. அவர் மனைவி சாந்தா சத்தம் போட்டு ஓய்ந்துபோனாள்.

எழில்தான் வழி கண்டுபிடித்தாள். அவர் மறக்காத காரியம் ஒன்றுதான் உண்டு, தொழிலுக்குப் போவது. மூடி திருகுகிற ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் இரண்டு மாத்திரையையும் போட்டு, படகில் கத்தியும் தீப்பெட்டியும் வைக்கிற பெட்டிக்குள் வைத்தாள்.

“நைனா, படகுல ஏறும்போது ரெண்டுலயும் ஒண்ணு ஒண்ணு போட்டுக்கோ. போடாம இன்ஜின தொடாத.”

“தொழிலுக்குப் போவாத நாளு?”

“அன்னைக்கு அம்மா குடுப்பாங்க. நீ இது ஒண்ண மட்டும் ஞாபகம் வெச்சிக்கோ. ஒரு வாட்டிகூட வுடக்கூடாது.”

அப்போது அவர் நாளுக்கு ஒரு தடவைதான் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தார். விடியலுக்கு முன் போனால் பத்து மணிக்குக் கரை. அதனால் வழி பலித்தது. கால் வீக்கம் வடிந்தது, நாடி நிதானமானது. பார்த்த டாக்டரே யார் இந்த யோசனை சொன்னது என்று கேட்டுப் பாராட்டினார். கூடத் தொழில் செய்கிற மோசஸ், நீலமேகம் மாத்திரையை விழுங்கித் தண்ணீர் குடித்த பிறகுதான் இன்ஜின் கயிற்றை இழுப்பான். அது படகின் பழக்கமாகவே ஆகிவிட்டது.

இந்த வருஷம் ஐப்பசி, கார்த்திகை இரண்டும் கொட்டித் தீர்த்தன. கழிமுகம் உடைத்துக்கொண்டு வெள்ளம் கடலில் பாய, அதோடு இறாலும் வெளியே வந்தது. பத்து வருஷத்தில் அப்படி ஒரு இறால் வந்ததில்லை. கரைக்கு நேர் எதிரே, கூப்பிடு தூரத்தில் கிடந்தது. போய் வலையை விட்டு, நிறைத்துக்கொண்டு வந்து, கொட்டிவிட்டு மறுபடி போக வேண்டியதுதான். நாளுக்கு மூன்று தடவை, நாலு தடவை. ஊரே தூங்காமல் சந்தோஷமாக இருந்தது.

ஒவ்வொரு தடவை படகில் ஏறும்போதும் நீலமேகம் டப்பாவைத் திறந்தார். மாத்திரை தீரத் தீர சாந்தா பழைய சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் வாங்கிவந்து போட்டாள். இப்படிப் பதினேழு நாள்.

பதின்மூன்றாம் நாள் அவர் எழிலுக்குப் போன் செய்தார்.

“இன்னாமோ ரெண்டு நாளா சோறு எறங்கல. வாந்தியா வருது. அப்பறம், பாக்கறதெல்லாம் மஞ்சளா தெரியுது எழிலு. வலை, ஐசு, உங்கம்மா மூஞ்சிகூட.”

எழில் அப்போது ஒரு கையில் பிப்பெட்டோடு நின்றிருந்தாள். எதிரே பனிக்கட்டியில் நாற்பத்தெட்டுக் குழாய்கள். நடுவில் விட்டால் அன்றைய மீன் வீண்.

“கண்ணு மஞ்சளா கீதா?”

“கண்ணு வெள்ளையாத்தான் கீதாம், அம்மா பாத்துட்டா. நான் பாக்கறதுதான் மஞ்சளா கீது.”

“மஞ்சக்காமாலை ஆரம்பமா இருக்கும் நைனா. எண்ணெ சேக்காத. ரத்தம் டெஸ்ட் எடுத்துடலாம், ஞாயித்துக்கெழம நான் வரேன்.”

“மாத்திர போட்டுக்கலாமா?”

“அத வுடவே கூடாது.”

சொல்லிவிட்டு அடுத்த குழாயில் ஊவாபைனை விட்டாள். பாடப்புத்தகத்தில் ஒரு வரி உண்டு. இந்த வகை மருந்து உடம்பில் அளவுக்கு மேல் ஏறினால் உலகம் மஞ்சளாகத் தெரியும் என்று. அதை அவள் படித்திருக்கிறாள், பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறாள். ஆனால் தினம் ஒன்று சாப்பிடுகிறவருக்கு அளவு எப்படி ஏறும். அந்தப் பக்கமே அவள் புத்தி போகவில்லை. சாந்தா கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்தாள். அவர் குடித்துவிட்டுத் தொழிலுக்குப் போனார்.

சனிக்கிழமை மத்தியானம், இரண்டாம் தடவை போய்விட்டுத் திரும்பும்போது படகிலேயே சாய்ந்துவிட்டார். மோசஸ் கரைக்குக் கொண்டுவந்து சேர்த்தான். ஆம்புலன்ஸ் செங்கல்பட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. எழில் மாமல்லபுரத்திலிருந்து ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது நாடித் துடிப்பு முப்பத்திரண்டு என்று திரையில் ஓடிக்கொண்டிருந்தது.

தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த டாக்டர் நிதின் சின்ன வயசுக்காரர், பொறுமையானவர். “என்னென்ன மாத்திரை சாப்பிடுறாரு, எப்பெப்ப சாப்பிடுறாரு, கரெக்டா சொல்லுங்கம்மா” என்று சாந்தாவைக் கேட்டார்.

சாந்தா கையோடு டப்பாவைக் கொண்டுவந்திருந்தாள். கணவன் மேல் குறை வந்துவிடக் கூடாது என்று நிமிர்ந்து நின்று சொன்னாள்.

“அதுல ஒரு கொறையும் இல்ல சார். முன்னல்லாம் மறந்துடுவாரு, இப்ப எம் பொண்ணு சொன்ன மாதிரியே போடறாரு. படகுல ஏறுனா ஒண்ணு. இப்ப எறா சீசனு, நாளைக்கு நாலு வாட்டி ஏறுவாரு. நாலு வாட்டியும் போட்டுக்குவாரு. வாந்தி எடுத்தாகூட திருப்பி ஒண்ணு போட்டுகினுதான் போவாரு சார்.”

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். எழிலைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூடத் தேவலை. எழில் வராந்தாவில் போய் உட்கார்ந்தாள். நான்தான் சொன்னேன், நான்தான் சொன்னேன் என்று உள்ளே ஓடிக்கொண்டிருந்தது.

அதன் பிறகு நடந்ததெல்லாம் அவளுக்குத் தெரிந்த பாடம். அதுதான் கொடுமை. நீர் மாத்திரை நாளுக்கு நாலு என்று போனதில் உடம்பு வற்றி, வாந்தியில் இன்னும் வற்றி, சிறுநீரகம் படுத்துவிட்டது. டிஜாக்சினை வெளியே தள்ள வேண்டியது சிறுநீரகம்தான். அது படுத்ததும் விஷம் உள்ளேயே தங்கிவிட்டது. இதயத்தில் ஒவ்வொரு பம்பின் வாயிலும் அது உட்கார்ந்திருப்பதை அவளால் படம் வரைந்து காட்ட முடியும். எழுப்ப முடியாது.

“டயாலிசிஸ்?” என்று கேட்டாள். பதில் தெரிந்தேதான் கேட்டாள்.

“இந்த மருந்து அதுல போகாது. உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்” என்றார் டாக்டர் நிதின். “பேஸ்மேக்கர் வயர் போட்டிருக்கோம். மருந்து தானா எறங்கணும். நாலஞ்சு நாள் ஆகும். அதுவரைக்கும் ஹார்ட் தாங்கணும்.”

“பொட்டாசியம்?”

“அது ஏற்கெனவே ஆறுக்கு மேல இருக்கு. இன்னும் குடுத்தா நின்னுடும்.”

குழாயில் பொட்டாசியம் சேர்த்தால் விஷம் உட்கார இடம் தேடித் தடுமாறும். அதை எத்தனை வரைபடமாக வரைந்திருக்கிறாள். இங்கே அப்பாவின் ரத்தத்தில், நின்றுபோன பம்புகள் உள்ளே இழுக்காமல் விட்ட பொட்டாசியமே தேங்கி நிற்கிறது. மூன்றாவது அத்தியாயத்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

இந்த மருந்தைப் பிடித்துக்கொண்டு வெளியே போகிற ஓர் எதிர்மருந்து உலகத்தில் இருக்கிறது. எழில் சியாமளா மேடத்துக்குப் போன் செய்து அழுதாள். அந்த அம்மாள் தனக்குத் தெரிந்த எல்லோரையும் எழுப்பிக் கேட்டார். சென்னையில் ஆறு இடம், வெளி மாநிலத்தில் மூன்று இடம். ஞாயிறு சாயங்காலம் திரும்பக் கூப்பிட்டு, “வெளிநாட்டிலேருந்து வரவழைக்கணுமாம்மா, வர ஒரு வாரமாவது ஆகும்” என்றார். ஒரு வாரத்தில் வருகிற மருந்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது.

திங்கட்கிழமை காலை பத்து நிமிஷம் அவளை உள்ளே விட்டார்கள். நீலமேகத்துக்கு நினைவு இருந்தது. கழுத்தில் செருகியிருந்த வயரைத் தொடாமல் இருக்க இரண்டு கையையும் பட்டியால் கட்டியிருந்தார்கள். உதடு காய்ந்து வெடித்திருந்தது.

“எழிலு, டாக்டராண்ட சொல்லு.”

“இன்னா நைனா?”

“மூணு நாளா மாத்திர குடுக்கலமா இவனுங்க. கேட்டுகினே கீறேன், காதுலயே போட்டுக்க மாட்றானுங்க. அதான் இப்டி இழுத்துகினு கீது. அந்த டப்பா அம்மாவாண்ட கீது. நீ ஒண்ணு எடுத்தாந்து குடுத்துடு.”

எழில் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். “நைனா, அந்த மாத்திரதான் நைனா. அதிகமா போயிடுச்சி. ஒருநாளைக்கு ஒண்ணுதான் போட்டிருக்கணும். நான்தான் ஒழுங்கா சொல்லல.”

அவர் அவளையே பார்த்தார். பிறகு முகத்தில் அந்தப் பழைய கிண்டல் லேசாக வந்து போனது.

“போடி. நீயாவது தப்பா சொல்றதாவது. டாக்டருக்குப் படிக்கிற புள்ள. இவனுங்க எதனா சொல்லி உன்ன பயமுறுத்திக்கீறானுங்க.” மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி சொன்னார். “நான் ஒரு வாட்டிகூட வுடல எழிலு. மோசஸக் கேளு.”

நர்ஸ் வந்து நேரமாகிவிட்டது என்றாள். வெளியே வந்தவள் வராந்தாவில் நின்று திரையில் கோடு ஓடுவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். பேஸ்மேக்கர் தட்டுகிறது, இதயம் ஒரு தட்டலுக்கு பதில் சொல்கிறது, அடுத்ததற்குச் சொல்லவில்லை, பிறகு தன்பாட்டுக்கு நாலு துள்ளு துள்ளுகிறது. ஒவ்வொரு துள்ளலும் எதனால் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்து என்ன. பக்கத்தில் நின்ற சாந்தாவுக்கு ஒன்றும் தெரியாது. அவள் கைகூப்பி வேண்டிக்கொள்ளவாவது செய்தாள். எழிலுக்கு அதுகூட வாய்க்கவில்லை.

மத்தியானம் இரண்டேகாலுக்கு எல்லாம் முடிந்தது. டாக்டர் நிதினும் மற்றவர்களும் நாற்பது நிமிஷம் போராடிவிட்டு வெளியே வந்தார்கள்.

மாத்திரையால் வந்த சாவு என்பதால் போலீஸுக்குத் தகவல் போக வேண்டும். உடம்பை அறுத்துப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். கடப்பாக்கத்திலிருந்து இரண்டு வண்டி நிறைய ஆட்கள் வந்து ஆஸ்பத்திரி வாசலில் நின்றிருந்தார்கள். அன்று ஊரில் ஒருவரும் தொழிலுக்குப் போகவில்லை. சாந்தா எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி அழுதாள். “மூணு நாளு மாத்திரய நிறுத்திட்டாங்க. கேட்டுகினே இருந்தாரு, குடுக்கலயே.”

நாலு மணிக்கு கோதண்டராமன் என்கிற ஏட்டு வந்தார். கடலை விட்டு உள்ளே தள்ளிய ஊரின் விவசாயக் குடும்பத்துக்காரர், நரைத்த மீசை, பேச்சில் பரிவு இருந்தது. எழிலை ஒரு சின்ன அறைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்து, டாக்டரிடமும் மோசஸிடமும் கேட்டு, அவளுடைய வாக்குமூலமாக ஏற்கெனவே எழுதி வைத்திருந்ததைப் படித்துக் காட்டினார். கடைசியில் இப்படி இருந்தது: ‘மேற்படி என் தகப்பனார் எழுதப் படிக்கத் தெரியாதவர். மருத்துவர் கூறிய அளவைப் புரிந்துகொள்ளாமல், தன் அறியாமையால், தானாகவே அதிகப்படியான மாத்திரைகளை உட்கொண்டுவிட்டார். அவருடைய இறப்பில் எனக்கு யார்மீதும் சந்தேகம் இல்லை.’

“அப்டி இல்ல சார்” என்றாள் எழில்.

“எது?”

“அவரு தெரியாம போடல. நான் சொன்னத போட்டாரு. படகுல ஏறும்போது போடுன்னு நான்தான் சொன்னேன். தெரியாதது எனக்குத்தான் சார்.”

கோதண்டராமன் பேனாவை மூடினார். கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

“இதோ பாரும்மா. நான் இத அப்டியே குடுத்தா இன்னைக்கே அறுத்து, ராத்திரிக்குள்ள உங்க அப்பாவ உங்க கையில குடுத்துடுவாங்க. நீ சொல்ற மாதிரி எழுதுனா யாரு சொன்னது, எதுக்கு சொன்னதுன்னு நூறு கேள்வி வரும். உன்ன இட்டுனு போயி உக்கார வெப்பாங்க. உங்கம்மா உன்னையும் அவரையும் சேத்துத் தேடிகினு நிக்கணும். இன்னாத்துக்கு?”

“அவரு அப்டி இல்ல சார்.”

“போனவருக்கு இதுல இன்னா வந்துடப்போவுது.”

கதவைத் தள்ளிக்கொண்டு சாந்தா எட்டிப் பார்த்தாள். தலைமுடி அவிழ்ந்து கிடந்தது. “கையெழுத்துப் போட்டுடு எழிலு. உங்க நைனாவ அந்த அறையில ஒண்டியா போட்டு வெச்சிக்கீறாங்க. வூட்டுக்கு இட்டுனு போயிடலாம். சார் இன்னா சொல்றாரோ அத செய்யி.”

ஏட்டு காகிதத்தை அவள் பக்கம் திருப்பி, பேனாவையும் நீட்டினார். “கீழ உன் கையாலயே ஒரு வரி எழுதணும். ‘படித்துப் பார்த்தேன், சரியாக உள்ளது.’ அதுக்கு அடியில கையெழுத்து.”

எழில் ஒருமுறை படித்துப் பார்த்தாள். இன்னொரு முறையும் பார்த்தாள். பிறகு, படித்துப் பார்த்தேன், சரியாக உள்ளது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.